மேனி மல்ஹோத்ரா: 991 ஆட்டம், 116 கோல். இந்தக் கணக்கை எப்படிப் படிப்பது?

ஈசூன்_மாலா:

வணக்கம். உயர்நிலை மூன்றில் படிக்கும் மகளுக்குத் தமிழ் வகுப்பில் ஆறு நிமிடப் படைப்பு. தலைப்பு "ஓய்வுபெற்ற ஒரு விளையாட்டாளரின் தொழில்வாழ்க்கை". காற்பந்தும் பூப்பந்தும் வகுப்பில் மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். இவள் ஐஸ் ஹாக்கியில் மேனி மல்ஹோத்ராவைப் பிடித்திருக்கிறாள். இணையத்தில் கிடைக்கும் புள்ளிவிவர அட்டவணையை வைத்து எழுதப் பார்த்தோம். நான்கு இடத்தில் நிற்கிறது.

991 ஆட்டத்தில் 116 கோல் என்றால் ஏறக்குறைய ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு கோல். முன்வரிசை ஆட்டக்காரரான இவரை எதற்காகப் பதினாறு பருவம் வைத்திருந்தார்கள்? கண் காயத்தோடு ஆட்டம் முடிந்ததா, அதன் பிறகும் ஆடினாரா? ஓரிடத்தில் 2013 என்றும் இன்னோரிடத்தில் 2015 என்றும் போட்டிருக்கிறது. வட அமெரிக்காவின் முதல்நிலை ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி இவர்தானா? ஆட்டத்தைத் தொடங்க நடுவர் பக் எனும் ரப்பர் துண்டைப் போட, இருவர் அதற்குப் போட்டியிடும் ஃபேஸ்ஆஃப் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஆசிரியர் மொழிபெயர்ப்பு வாடை அடித்தால் மதிப்பெண்ணில் கைவைப்பார்.

நீலக்கோடு:

முதலில் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அக்கா. மகளுக்கும் அதுவே நல்ல தொடக்கம். நியூயார்க் ரேஞ்சர்ஸ் 206, டல்லஸ் 84, கொலம்பஸ் 344, சான் ஹோசே 71, வேன்கூவர் 159, கரோலினா 69, மொன்ட்ரியல் 58. கூட்டினால் 991 வரும். இது வழக்கமான பருவ ஆட்டங்கள் மட்டும். பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களுக்குத் தனிக் கட்டம் இருக்கும், இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். ஏஎச்எல் என்ற இரண்டாம் நிலை லீக் ஆட்டங்களும் அதே பக்கத்தில் வேறு வரியில் கிடக்கும். பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

116 கோல், 179 அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்), மொத்தம் 295 புள்ளி. ஐஸ் ஹாக்கியில் ஒரு கோலுக்கு அதிகபட்சம் இரண்டு பேருக்கு அசிஸ்ட் கொடுப்பார்கள். காற்பந்துக் கணக்கோடு ஒப்பிட்டு "179 கோலுக்கு இவர்தான் வழிவகுத்தார்" என்று எழுதினால் கொஞ்சம் மிகை.

1998-99 முதல் 2014-15 வரை எண்ணினால் பதினேழு பருவம் வரும். 2004-05 பருவமே நடக்கவில்லை. கிளப் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் ஒப்பந்தம் படியாமல் அந்த ஆண்டு முழுவதும் கதவடைப்பு. அதனால்தான் பதினாறு. அந்த ஆண்டில் இவர் ஸ்லோவேனியாவிலும் சுவீடனிலும் ஆடினார்.

கோல் விஷயம். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட்டில், 1998இல் ஏழாவதாக எடுக்கப்பட்டவர். முதலாவதாகப் போன வின்சென்ட் லெகவலியே 421 கோல் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மல்ஹோத்ரா ஏமாற்றம்தான். ரேஞ்சர்ஸ் அவரைப் பதினெட்டு வயதிலேயே இறக்கிவிட்டது. 73 ஆட்டம், 8 கோல். அடுத்த பருவத்தில் 27 ஆட்டம், கோல் ஒன்றுகூட இல்லை.

இங்கே ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். கனடாவின் ஜூனியர் லீக்குகளிலிருந்து டிராஃப்ட் ஆன பையனை, இருபது வயதுக்குள் ஏஎச்எல்லுக்கு அனுப்ப அப்போது அனுமதி இல்லை. ஒன்று என்எச்எல், இல்லாவிட்டால் திரும்ப ஜூனியர். நடுப்படி கிடையாது. அதனால் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் நான்காவது லைனில் (கடைசி முன்வரிசைக் குழுவில்) சில நிமிடம் ஆடிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 1999-2000இல் அவரைத் தன் பழைய ஜூனியர் அணியான கெல்ஃபுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஜூனியர் பருவம் முடிந்தபின் ரேஞ்சர்ஸின் ஏஎச்எல் அணியான ஹார்ட்ஃபர்டுக்குப் போனார். அந்த ஹார்ட்ஃபர்ட் அணி அதே ஆண்டு கால்டர் கோப்பையை வென்றது.

கால்டர் என்ற பெயரில் இரண்டு உண்டு. கால்டர் கோப்பை ஏஎச்எல் வெற்றியாளர் அணிக்கு. கால்டர் டிராஃபி என்எச்எல்லின் சிறந்த புதுமுகத்துக்கு. மல்ஹோத்ரா வாங்கியது கோப்பை. என்எச்எல் வெற்றியாளர் அணிக்கான ஸ்டான்லி கோப்பை அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

பிறகு 2002 மார்ச்சில் டல்லஸுக்கு மாற்றப்பட்டார். 2003 நவம்பரில் டல்லஸ் அவரை வேவரில் போட்டது. வேவர் என்றால் "எங்களுக்கு வேண்டாம், யாருக்காவது வேண்டுமானால் அந்த ஒப்பந்தத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பட்டியலில் போடுவது. பதிலுக்கு ஆட்டக்காரர் யாரையும் தர வேண்டியதில்லை. கொலம்பஸ் அப்படித்தான் எடுத்தது. ஏழாவதாக டிராஃப்ட் ஆனவர் ஐந்தாண்டில் சும்மா கைமாறினார். அதே கொலம்பஸில் 344 ஆட்டம் ஆடினார். ஏன் என்பதை வேறு யாராவது விளக்கட்டும், அது ஃபேஸ்ஆஃப் சமாசாரம்.

வட்டத்துக்குள்_65:

யாராவது விளக்கட்டும் என்றதால் வந்தேன். கொஞ்சம் நீளும்.

இங்கே சிங்கப்பூரில் நிறையப் பேருக்குத் தெரிந்த பனித்தளம் ஜேகியூப் கடைத்தொகுதியில் இருந்தது, 60க்கு 30 மீட்டர் ஒலிம்பிக் அளவு. 2023 ஆகஸ்டில் கட்டடத்தோடு மூடிவிட்டார்கள். என்எச்எல் தளம் அதைவிட நான்கு மீட்டர் ஒடுக்கம்: 200 அடி நீளம், 85 அடி அகலம். அதில் ஃபேஸ்ஆஃப் புள்ளிகள் ஒன்பது. நடுவில் ஒன்று, நடுப்பகுதியைப் பிரிக்கும் நீலக்கோடுகளை ஒட்டி நான்கு, இரு கோல் பக்கமும் இரண்டிரண்டு.

கோல் பக்கத்துப் புள்ளிதான் மல்ஹோத்ராவின் பிழைப்பு. அது கோல் கோட்டிலிருந்து 20 அடி முன்னே, நடுவிலிருந்து 22 அடி பக்கவாட்டில் இருக்கும். பிதாகரஸ் போட்டுப் பாருங்கள், கோலிலிருந்து கிட்டத்தட்ட 30 அடி, ஒன்பது மீட்டர். அங்கே பக் எதிரணிக் கைக்குப் போனால், பின்னால் நிற்பவர் ஒரு தொடுதலில் அடித்துவிடலாம். கோல்காப்பாளருக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் மறைத்து நிற்பார்கள். பக் வருவதே அவர் கண்ணில் படாது. தற்காக்கும் அணி ஜெயித்தாலோ பக் மூலைக்குப் போகும், அங்கிருந்து வெளியே தள்ளிவிடலாம். பெனால்ட்டியால் ஓர் ஆள் குறைவாக ஆடும்போது, ஒரு முறை தளத்தின் மறுமுனைக்குத் தள்ளிவிட்டால் எதிரணி அதை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே வர 15, 20 விநாடி போய்விடும். பெனால்ட்டியே இரண்டு நிமிடம்தான்.

2005க்குப் பிறகு இந்த வேலையின் மதிப்பு ஏறியது. 2005-06 முதல், ஐசிங் செய்த அணி ஆள் மாற்றக்கூடாது. ஐசிங் என்றால் தன் பாதியிலிருந்து பக்கை எதிரணிக் கோல் கோட்டையும் தாண்டி வீசிவிடுவது. களைத்த ஐந்து பேர் அப்படியே தற்காப்புப் பகுதி ஃபேஸ்ஆஃபுக்கு நிற்க வேண்டும். 2008-09 முதல், பெனால்ட்டி விழுந்ததும் அடுத்த ஃபேஸ்ஆஃப் தவறு செய்த அணியின் பகுதியில். இரண்டு விதியும் சேர்ந்து, தன் கோலுக்கு அருகே ஃபேஸ்ஆஃப் ஜெயிக்கத் தெரிந்த சென்டருக்கு, அதாவது முன்வரிசையின் நடு ஆட்டக்காரருக்கு, கூலியை உயர்த்தின. சான் ஹோசேயில் 14 கோல், அவருடைய அதிகபட்சம். அதற்கு அடுத்து 2010 ஜூலையில் வேன்கூவர் மூன்றாண்டுக்கு 7.5 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்தது. அன்றைய மாற்றில் சுமார் 10 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி. அந்தப் பணம் கோலுக்காக என்று நினைத்தால் அட்டவணை புரியவே புரியாது.

2010-11இல் அவருடைய ஃபேஸ்ஆஃப் வெற்றி 61.7 விழுக்காடு. சமமான இருவர் நின்றால் 50. அப்படியானால் நூறு ஃபேஸ்ஆஃபுக்குக் கிட்டத்தட்ட 12 பக் கூடுதல். 55ஐத் தொட்டாலே நல்ல சென்டர் என்பார்கள்.

எப்படி ஜெயிப்பது? மல்ஹோத்ரா இடப்பக்கம் மட்டை பிடிப்பவர். பேக்ஹேண்டால் (மட்டையின் புறப்பக்கத்தால்) பின்னுக்கு இழுக்கும்போது அவருக்குப் பக் இடப்புறம் பின்னால் போகும். அதனால் அவருக்கு பலமான பக்கம் இடது வட்டம், அதாவது தன் கோலுக்கு இடப்பக்கத்துப் புள்ளியைச் சுற்றிய வட்டம். வலது வட்டத்தில் அதே அசைவு பக்கை கோல் முன்னாலேயே கொண்டுவிடும், ஆபத்து. வேன்கூவரின் இன்னொரு சென்டரான ரயன் கெஸ்லர் வலப்பக்க மட்டை. ஆக இரு வட்டத்துக்கும் ஆள் தயார். பயிற்றுவிப்பாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கால்களை அகல வைத்து இடுப்பைத் தாழ்த்துவது, கீழ்க் கையை மட்டையின் அலகு வரை இறக்கிப் புறங்கை முன்னே வரும்படி திருப்பிப் பிடிப்பது, கண் பக்கைப் போடும் நடுவரான லைன்ஸ்மேன் கையில் இருப்பது, இவை அடிப்படை. பிடியைத் திருப்பினால் இழுக்கும் பலம் கூடும். ஆனால் எந்தப் பக்கம் இழுக்கப்போகிறீர்கள் என்று எதிராளிக்குச் சொல்லிவிடும். அதனால் நல்ல சென்டர்கள் ஒரே ஆட்டத்தில் இரண்டு மூன்று வழி மாற்றுவார்கள்: நேரே இழுப்பது, முதலில் எதிராளியின் மட்டையை அடித்துத் தூக்கிவிட்டுப் பிறகு இழுப்பது, தோளால் முட்டி நிறுத்தி பக்கை காலால் பின்னுக்குத் தள்ளுவது.

தப்பு நடப்பது பெரும்பாலும் அவசரத்தால். பக் விழுமுன் மட்டை அசைந்தால் லைன்ஸ்மேன் சென்டரை வெளியே அனுப்பி, பக்கத்தில் நிற்கும் விங்கரை உள்ளே வரச்சொல்வார். அதே ஃபேஸ்ஆஃபில் அதே அணி இரண்டாவது முறை தவறினால் இரண்டு நிமிடப் பெனால்ட்டி.

மகள் காணொளி பார்த்து எழுதினால் ஓர் எச்சரிக்கை. இப்போதைய விதியில், தற்காக்கும் பகுதியின் சென்டர் முதலில் மட்டையை வைக்க வேண்டும். இது 2015-16இல் வந்தது. மல்ஹோத்ரா காலத்தில் எந்தப் புள்ளியானாலும் விருந்தாளி அணியின் சென்டர்தான் முதலில். இரண்டாவதாக வைப்பவருக்கே சாதகம், எதிராளி எப்படி நிற்கிறார் என்று பார்த்துவிட்டு வைக்கலாம். அப்படியானால் வெளியூர் ஆட்டங்களில் இவர் பாதகத்தோடு நின்றுதான் ஜெயித்தார்.

இன்னொன்று, பிளஸ்-மைனஸ் கட்டம். நீங்கள் தளத்தில் இருக்கும்போது உங்கள் அணி கோல் போட்டால் +1, வாங்கினால் -1. எதிரணியில் பெனால்ட்டியால் ஆள் குறைந்திருக்கும்போது போடும் பவர்பிளே கோல்கள் சேராது. 2011-12இல் வேன்கூவர் பயிற்றுவிப்பாளர் அலன் வினியோ, அணியின் தாக்குதல் நட்சத்திரங்களான சேடின் இரட்டையரைத் தாக்குதல் பகுதி ஃபேஸ்ஆஃபுக்கும், மல்ஹோத்ராவைத் தற்காப்புப் பகுதிக்கும் என்று பிரித்தே வைத்திருந்தார். இரு முனைப் பகுதிகளையும் சேர்த்து எண்ணினால், மல்ஹோத்ரா தாக்குதல் பக்கத்தில் தொடங்கியது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எப்போதும் தன் வீட்டு வாசலிலேயே நிற்பவருக்கு மைனஸ் ஏறத்தான் செய்யும். அந்த எண்ணை மட்டும் காட்டி "சரியாக ஆடவில்லை" என்று எழுதினால் அநியாயம்.

தெம்பனிஸ்காரன்:

காயம் பத்தி நான் சொல்றேன். ரெண்டு வருஷமும் சரிதான், வேற வேற விஷயம்.

2011 மார்ச் 16, வேன்கூவர்ல கொலராடோவோட ஆட்டம். திசை மாறி வந்த பக் இடது கண்ணுல பட்டுச்சு. முகத்துல வைசர் (கண்ணை மறைக்கிற கண்ணாடிக் காப்பு) இல்ல. பல அறுவை சிகிச்சை. பார்வை முழுசா திரும்பல. பக்னா லேசா நினைக்காதீங்க: கெட்டி ரப்பர், 3 அங்குல விட்டம், 1 அங்குல தடிமன், எடை 156லேருந்து 170 கிராம் வரைக்கும், அதுவும் குதிக்காம இருக்க உறைய வச்சுக் கொண்டுவருவாங்க.

தேதி எழுதும்போது கவனம். வேன்கூவர் சாயங்காலம் 7 மணின்னா அப்ப நமக்கு மறுநாள் காலை 10 மணி. இங்க யாராவது மார்ச் 17ன்னு பதிஞ்சிருந்தா அது இந்த 15 மணி நேர வித்தியாசம்தான். படைப்புல வேன்கூவர் தேதியே இருக்கட்டும்.

அதே வருஷம் ஜூன் 4, ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்று ரெண்டாவது ஆட்டத்துக்கே திரும்பிட்டாரு, மூணு மாசம்கூட ஆகல. முழு முகத்தையும் மூடுற காப்போட. கூடுதல் நேரம் தொடங்கி 11 விநாடியில அலெக்ஸ் பரோஸ் கோல் போட்டு வேன்கூவர் 3-2ன்னு ஜெயிச்சது அந்த ஆட்டம்தான். கடைசியில ஏழாவது ஆட்டத்துல பாஸ்டன்கிட்ட தோத்துட்டாங்க.

2011-12 முழுக்க 78 ஆட்டம் ஆடினாரு. 2013 பிப்ரவரியில, பார்வை காரணமா அவருக்கே ஆபத்துன்னு கிளப் அவரை மீதிப் பருவத்துக்கும் காயப் பட்டியல்ல போட்டுடுச்சு. அந்தப் பருவம் சுருக்கினது, மொத்தமே 48 ஆட்டம். அவரு ஆடினது 9. நீங்க பாத்த 2013 இது. ஆயிரம் ஆட்டம் தொட்டா லீக்ல வெள்ளி மட்டை குடுத்து மரியாதை செய்வாங்க. இவருக்கு 9 குறைஞ்சு போச்சு. அந்த 48ல இன்னொரு 9 கிடைச்சிருந்தா... சரி விடுங்க, மகள் அதை ஒரு வரியில சொல்லலாம், ரொம்ப உருக வேணாம்.

ஆனா அதோட முடியல. 2013 அக்டோபர்ல ஏஎச்எல் சார்லட் செக்கர்ஸ்ல சோதனை ஒப்பந்தம். இதுல அதிகபட்சம் 25 ஆட்டம், எப்ப வேணும்னாலும் அனுப்பிடலாம். அந்த மாசக் கடைசியிலயே மேல் அணியான கரோலினா கூப்பிட்டுக்கிச்சு. 69 ஆட்டம், 7 கோல். மனவுறுதிக்குக் குடுக்குற மாஸ்டர்டன் விருதுக்கு அந்த வருஷம் இறுதி மூணு பேர்ல ஒருத்தர். கிடைச்சது டொமினிக் மூருக்கு. 2014-15 மொன்ட்ரியல்: 58 ஆட்டம், கோல் பூஜ்யம், அசிஸ்ட் 3. ஃபேஸ்ஆஃப் மட்டும் அப்பவும் 55க்கு மேல. ஒரு கோல்கூட போடாத முன்வரிசை ஆளை 58 ஆட்டம் இறக்கினாங்கன்னா, மேல வட்டத்துக்குள் அண்ணே சொன்னதுதான் காரணம். அதுதான் 2015. அப்புறம் லேக் ஈரி மான்ஸ்டர்ஸ்னு ஏஎச்எல் அணியில கொஞ்ச நாள்.

2013-14லேருந்து என்எச்எல்ல 26 ஆட்டத்துக்குக் குறைவா ஆடின எல்லாருக்கும் வைசர் கட்டாயம். இவரோட காயத்துக்கு ரெண்டு வருஷம் கழிச்சு மார்க் ஸ்டாலுக்கும் கண்ணுல அடி, அதுக்கப்புறம்தான் ஆட்டக்காரங்க சங்கம் ஒத்துக்கிச்சு. "மல்ஹோத்ராவால விதி வந்துச்சு"ன்னு ஒத்தையா எழுதிடாதீங்க.

ஈசூன்_மாலா:

ரொம்ப நன்றி. மகள் 344க்குப் பக்கத்தில் "இலவசம்!" என்று எழுதி வைத்திருக்கிறாள். முதல் இந்தியர் கேள்விக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் யாராவது?

நீலக்கோடு:

முதல்வர் ராபின் பாவா, அக்கா. பிரிட்டிஷ் கொலம்பியாவின் டங்கன் ஊர்க்காரர், பஞ்சாபி வம்சாவளி. 1989-90இல் வாஷிங்டனுக்கு ஆடினார். பிறகு வேன்கூவர், சான் ஹோசே, அனஹெய்ம். ஆட்டங்கள் 5, 2, 42, 12. மொத்தம் 61, கோல் 6, அசிஸ்ட் 1. மல்ஹோத்ராவின் தந்தை இந்திய வம்சாவளி, தாய் பிரெஞ்சு-கனடியர். "ஆயிரம் ஆட்டத்தை நெருங்கிய முதல் இந்திய வம்சாவளி" என்று எழுதினால் பிசகில்லை.

ஓய்வுக்குப் பிந்திய பகுதிக்கு ஒரு நிமிடமாவது ஒதுக்குங்கள். 2016இல் வேன்கூவரில் இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் பயிற்றுவிப்பாளர், அடுத்த ஆண்டு துணைப் பயிற்றுவிப்பாளர். 2020 முதல் டொரோன்டோவில் அதே வேலை. 2024இல் ஏஎச்எல் அணியான அபட்ஸ்ஃபர்ட் கனக்ஸின் தலைமைப் பயிற்றுவிப்பாளர். முதல் பருவத்திலேயே, 2025 ஜூனில், கால்டர் கோப்பை. இறுதிச் சுற்றில் ஆறு ஆட்டத்தில் தோற்கடித்தது எந்த அணியை? சார்லட் செக்கர்ஸ். சோதனை ஒப்பந்தத்தில் தன்னைச் சேர்த்துக்கொண்ட அதே அணி. 2000இல் ஆட்டக்காரராக வாங்கிய கோப்பையை 2025இல் பயிற்றுவிப்பாளராகத் தூக்கினார். அந்த அணியில் அர்ஷ்தீப் பெய்ன்ஸ் என்ற பஞ்சாபி வம்சாவளிப் பையனும் இருந்தார், எந்த அணியும் டிராஃப்ட்டில் எடுக்காதவர்.

ஆறு நிமிடத்துக்கு 550 சொல்லைத் தாண்டாதீர்கள். எண்கள் நிறைந்த பேச்சை வேகமாகச் சொன்னால் யார் காதிலும் நிற்காது. அணிகளின் பெயரை வரிசையாக ஒப்பிக்க வேண்டாம், அதை ஒரு வில்லையில் (ஸ்லைடில்) போட்டுவிட்டு மூன்றே இடத்தில் நிற்கச் சொல்லுங்கள்: வேவர், 61.7, மார்ச் 16.

சொல்லாடி:

தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். ஃபேஸ்ஆஃபுக்கு "முகாமுகம்" என்று யாரோ போட்டிருந்ததைப் பார்த்தேன், தயவுசெய்து வேண்டாம். "வட்டு போடுதல்" போதும். நடுவர் வட்டைப் போடுகிறார், இருவர் அதற்குப் போட்டியிடுகிறார்கள். முதல் முறை "ஃபேஸ்ஆஃப் எனப்படும் வட்டுப்போடல்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு வட்டுப்போடல் என்றே போகலாம். பக்குக்கு வட்டு சரியான சொல், வடிவமே அதுதான். பந்து என்று மட்டும் எழுதிவிட வேண்டாம்.

தற்காப்புப் பகுதி, தாக்குதல் பகுதி, கோல்காப்பாளர் எல்லாம் இங்கே செய்தியிலேயே பழகிய சொற்கள். வேவர், டிராஃப்ட் இரண்டையும் மொழிபெயர்க்க முயல வேண்டாம். டிராஃப்டை "வரைவு" என்று எழுதிய கட்டுரை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது, அது சட்ட வரைவுக்கு ஆகும். "அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள்" என்று ஒரு வரி சொன்னால் வகுப்பே புரிந்துகொள்ளும்.

ஈசூன்_மாலா:

வட்டுப்போடல் என்றே மாற்றிவிட்டாள். ஒரே ஒரு சந்தேகம். செய்து காட்ட ஹாக்கி மட்டைக்கு எங்கே போவது? இரண்டு துடைப்பம் போதுமா?

வட்டத்துக்குள்_65:

துடைப்பம் வேண்டாம், நார் தரையில் மாட்டிக்கொள்ளும். பள்ளியில் ஃபுளோர்பால் மட்டை இருக்கும், உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள். வட்டுக்குப் பிளாஸ்டிக் டப்பா மூடி. இடப்பக்கம் மட்டை பிடிக்கும் ஒரு பிள்ளையை இடது பக்கம் நிறுத்தி ஒரு முறை, வலது பக்கம் நிறுத்தி ஒரு முறை இழுக்கச் சொன்னால், மூடி எங்கே போகிறது என்று வகுப்பே பார்த்துவிடும். மூடியைப் போடுபவர் விரலை உடனே எடுத்துவிட வேண்டும்.